அலுமாரிக்குப் பின்னால் இருந்த சுவர்

கேத்ரின் வீட்டில் இருந்தது ஒரேயொரு பிளக். அது வாசல் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் இருந்தது. போனுக்கு சார்ஜ் ஏற்றுவது, துணிக்கு அயன் போடுவது, டிவி பார்ப்பது எல்லாம் அந்த ஒன்றை நம்பித்தான். போன நத்தாருக்கு மகள் சுலக்ஷனா மோட்டார் பூட்டிய தையல் மெஷின் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து இறக்கினாள். அதன் பிறகு அந்த பிளக்கில் ஒன்றின் மேல் ஒன்றாக அடப்டர்கள் தொங்கின. மெஷினுக்குப் போகிற வயர் வீட்டுக்குள் குறுக்கே கிடந்து காலைத் தட்டியது.

"ஒரு நாளைக்கு லயமே பத்திக்கப் போவுதும்மா" என்று கட்டுநாயக்காவிலிருந்து மகள் போனில் கத்தினாள். "ஒரு வயரிங் பாஸைக் கூப்பிட்டு உள்பக்கம் ரெண்டு பிளக் போடு. இப்பவே போடு."

அப்படித்தான் வயரிங் வேலைக்காரன் ஜூட்சன் அங்கே வந்தான். வட்டகொடை ஸ்டேஷனுக்குக் கீழே சின்னதாக ஒரு கடை வைத்திருந்தவன். முப்பது வயதிருக்கும். வாய் ஓயாது. மூன்று நாளாக விடாமல் அடித்த ஆனி மாத மழையில், தலையில் பொலித்தீன் உறையை மாட்டிக்கொண்டு, தேயிலைக்குள் இறங்கும் குறுக்குப் பாதையில் வழுக்கி விழுந்து எழும்பி, முழங்காலெல்லாம் சேறாக மேக்கணக்கு லயத்து வரிசை வீடுகளுக்கு வந்து சேர்ந்தான்.

கேத்ரினை அந்தத் தோட்டத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. எல்லாருக்கும் அவர் ஆயம்மா. கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் விட்டுவிட்டுப் போகும் கைக்குழந்தைகளை பிள்ளைக்காம்பராவில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் வேலை. கல்யாணமான அடுத்த வருஷம் தொடங்கி, ஓய்வு பெறும் வரைக்கும் அதே வேலைதான். அவர் கையில் பால் குடித்து, அவர் ஆட்டிய தொட்டிலில் தூங்கி வளர்ந்த பிள்ளைகள் இன்றைக்குக் கொழும்பில் கடைகளில் நிற்கிறார்கள், கட்டாரில் டிரைவராக இருக்கிறார்கள். சத்தமாகப் பேச மாட்டார். முன்பு பேசுவார், சிரிப்பார், சண்டையும் போடுவார். புருஷன் இக்னேசியஸ் இறந்த நாளோடு அதெல்லாம் நின்றுபோயிற்று.

இக்னேசியஸ் தேயிலைத் தொழிற்சாலையில் அடுப்புக்கு விறகு போடுகிறவர். நல்ல மனுஷன், ஆனால் எந்த வேலையையும் நாளைக்கு என்று தள்ளிப்போடுகிறவர். அவர் இறந்த வருஷம் கூரைத் தகரம் துருப்பிடித்து ஓட்டை விழுந்து, உள் சுவரோரமாகத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. தோட்டத்து ஆபீசில் தகரம் கேட்டால் அடுத்த மாதம் என்றார்கள். தாரையாவது பூசி அடையுங்கள் என்று கேத்ரின் சொல்லிச் சொல்லி அலுத்துப் போனார். ஒரு காலையில், ஊறவைத்த அரிசியில் கூரைத் தண்ணீர் சொட்டியதைக் கண்டதும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"நீங்க இருந்தும் ஒண்ணுதான், செத்தும் ஒண்ணுதான்!" என்று கத்திவிட்டார்.

லயத்துக் காம்பராக்களுக்கு நடுவில் சுவர் இருக்குமே தவிர, கூரை ஒன்றுதான். ஒரு வீட்டில் இருமினால் நாலாவது வீட்டில் கேட்கும். அன்றைக்கு அவர் கத்தியதும் எல்லாருக்கும் கேட்டது. லயத்தின் கடைசி வீடான தொங்கல் காம்பராவில் குடியிருந்த இக்னேசியஸின் அக்கா பெற்றீசியாவுக்கும் கேட்டது.

அன்று பின்னேரம் வேலை முடிந்து மழையில் தெப்பமாக நனைந்து வந்த இக்னேசியஸ், உள் சுவரில் அடித்திருந்த இரும்புக் கொக்கியில் மழைக்கோட்டை மாட்டியதும் அப்படியே கீழே விழுந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்த சுலக்ஷனாதான் முதலில் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும்போதே உயிர் இல்லை. ஏற்கெனவே பிரஷருக்கு மருந்து எடுத்தவர். மாரடைப்பு என்றார்கள். யாரும் சந்தேகப்படவில்லை.

சவப்பெட்டியைத் தூக்கும் நேரத்தில் பெற்றீசியா எல்லார் முன்னாலும் நின்று சொன்னார்: "வேற ஒண்ணுமில்ல. என் தம்பியை இவ வார்த்தையாலதான் கொன்னுட்டா."

கேத்ரின் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. ஏனென்றால் அவரும் அதையேதான் நம்பினார். கோயிலில் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோது, "மகளே, கோபத்தில் சொன்ன சொல் ஆளைக் கொல்லாது" என்றார் அவர். கேத்ரினின் காதில் அது ஏறவில்லை. எட்டு வருஷமாக அவரும் பெற்றீசியாவும் ஒரே லயத்தில், ஒரே பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, பேசாமல் இருந்தார்கள். இக்னேசியஸ் விழுந்த இடத்தைப் பார்க்கச் சகிக்காமல், அடக்கம் முடிந்த கையோடு பக்கத்து வீட்டு அழகுமுத்துவைக் கூப்பிட்டு, பெரிய மர அலுமாரியை நகர்த்தி அந்தச் சுவரை மறைத்து வைத்தார் கேத்ரின். அது அப்படியே நின்றது.

ஜூட்சன் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அம்மா, மெஷினுக்கு ஒண்ணு, குசினிக்கு ஒண்ணு. ரெண்டும் இந்த உள் செவுத்துலதான் வரணும். அலுமாரியக் கொஞ்சம் நகர்த்துவமா?" என்றான்.

கேத்ரின் தயங்கினார். பிறகு, "சரி தம்பி" என்றார். இரண்டு பேருமாகத் தள்ளினார்கள். அலுமாரிக்குப் பின்னால் சுவர் கறுத்து, பாசி பிடித்து, ஈரம் கசிந்து நின்றது. இடையில் ஒரு தடவை கூரைக்குப் புதுத் தகரம் போட்டிருந்தாலும், இந்த மழைக்கு அதுவும் எங்கேயோ விட்டிருந்தது. சுவரின் நடுவில் அந்தக் கொக்கி துருவேறி நீட்டிக்கொண்டிருந்தது.

கேத்ரின் பார்வையைத் திருப்பிக்கொண்டு தேத்தண்ணி ஊற்றப் போனார்.

"உடைக்க முந்தி பழைய வயர் எதுல போவுதுன்னு பாத்துக்கணும். இல்லாட்டி உளி வயர்ல இறங்கிரும்" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டு ஜூட்சன் டெஸ்டரால் சுவரில் அங்கங்கே வைத்துப் பார்த்தான். கைக்கு இடைஞ்சலாக இருந்த கொக்கியிலும் சும்மா ஒரு தடவை வைத்தான்.

டெஸ்டரின் சின்ன விளக்கு பளிச்சென்று எரிந்தது.

அவன் பேச்சு நின்றது. அந்த வீட்டுக்குள் வந்ததிலிருந்து முதல் தடவையாக அவன் வாய் மூடியதால்தான் கேத்ரின் திரும்பிப் பார்த்தார்.

ஜூட்சன் டெஸ்டரை எடுத்து வாசல் பிளக்கில் வைத்துப் பார்த்தான். எரிந்தது. பழுதில்லை. திரும்பக் கொக்கியில் வைத்தான். அதே வெளிச்சம். பையிலிருந்து ஹோல்டரில் மாட்டிய பல்பு ஒன்றை எடுத்தான். அதன் ஒரு வயரை வெளியே பீலிக்குப் போகிற இரும்புக் குழாயில் கட்டிவிட்டு வந்து, மற்றதைக் கொக்கியில் தொட்டான்.

பல்பு எரிந்தது. சுவரில் அடித்த கொக்கியிலிருந்து, வீடே மஞ்சளாகும்படி எரிந்தது.

"அம்மா, அங்கேயே நில்லுங்க! செவுத்துல கை வைக்காதீங்க!" என்று கத்திக்கொண்டு ஓடிப் போய் மெயின் சுவிட்சை இறக்கினான்.

மெயினை இறக்கிய பிறகும் இரண்டு தடவை பரீட்சித்துப் பார்த்துவிட்டுத்தான் உளியை எடுத்தான். இரண்டு தட்டுக்கே ஊறிய மண் பூச்சு கட்டியாக உதிர்ந்தது. உள்ளே குழாய் எதுவும் இல்லை. வெறும் வயரைச் சுவரில் கீறிப் புதைத்து, மேலே பூசியிருந்தார்கள். நடுவில் இரண்டு வயர்களை முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி, அப்படியே விட்டிருந்தார்கள். டேப் உக்கிப்போயிருந்தது. கொக்கியின் கூர்முனை சரியாக அந்த முறுக்கில் போய்க் குத்தி நின்றது.

"யாரும்மா இதைச் செஞ்சது? மனுஷன் செய்யிற வேலையா இது?" என்றான். "இந்தக் கொக்கியில யாருக்காவது எப்பவாவது ஷொக் அடிச்சிருக்கா?"

கேத்ரினின் கையில் தேத்தண்ணிக் கோப்பை இருந்தது. அவர் அதைக் கீழே வைக்கவில்லை. கோப்பை சாய்ந்து சுடுதண்ணீர் கால் விரல்களில் ஊற்றியது. அதுவும் அவருக்குத் தெரியவில்லை.

"தம்பி," என்றார். "அதுல கோட்டை மாட்டப் போயித்தான் எங்க வீட்டுக்காரரு விழுந்தாரு."

ஜூட்சன் உளியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"அன்னைக்கும் இப்பிடி மழைதானாம்மா?"

"இதவிட மழை."

"காலுல சப்பாத்து?"

"வெறுங்காலு. செருப்பை வாசல் இஸ்தோப்புலயே கழட்டிப்புட்டு வந்தாரு. நான்தான் சேத்தோட உள்ள வரக்கூடாதுன்னு சொல்லி வச்சிருந்தேன்."

"நான் டொக்டர் இல்லைம்மா. இதுதான்னு என்னால சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது" என்றான் ஜூட்சன். "ஆனா என் அப்பாவா இருந்தா, நான் இதைத்தான் நம்புவேன்."

கேத்ரின் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அழுகை வரவில்லை. எட்டு வருஷமாக ஒவ்வொரு ராத்திரியும் அவர் தன்னைத்தானே நிறுத்தி விசாரித்திருக்கிறார். அந்த நேரமெல்லாம் இது இங்கேயே இருந்திருக்கிறது. அலுமாரியின் அந்தப் பக்கம். அவர் பாய் விரித்துப் படுக்கும் இடத்திலிருந்து கையை நீட்டினால் எட்டுகிற தூரம்.

பிறகு திடீரென்று, "தம்பி, கரண்டு வந்த வருஷம் ஒரே ஆளுங்கதான் லயம் முழுக்க வயரிங் செஞ்சாங்க. எங்கிருந்தோ வந்த கொன்ட்ராக்ட் ஆளுங்க. ஒரே அடியா அடிச்சிட்டுப் போயிட்டாங்க" என்றார்.

ஜூட்சன் தலையை நிமிர்த்தினான்.

அடுத்த நிமிஷம் கேத்ரின் மழைக்குள் இருந்தார். முதலில் அழகுமுத்துவின் வீடு. அவரும் மனைவி ஜீவராணியும் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேத்ரின் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய், ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, மெயின் சுவிட்சை இறக்கினார்.

"என்னா ஆயம்மா இது! என்னாச்சு உங்களுக்கு?" என்று அழகுமுத்து எழுந்தார்.

"அண்ணே, செவுத்துல கரண்டு ஓடுது. யாரும் எதையும் தொடாதீங்க. வெளிய வாங்க!"

புருஷன் விழுந்த இடத்தை உடைத்ததில் ஆயம்மாவுக்கு மனம் குழம்பிவிட்டது என்றுதான் ஜீவராணி நினைத்தாள். "அக்கா, இப்பிடி உக்காருங்க" என்று கையைப் பிடித்தாள். பின்னாலேயே வந்த ஜூட்சன் மெயினை ஒரு நிமிஷம் போடச் சொல்லி, குசினியில் பாத்திரம் அடுக்கியிருந்த இரும்புத் தட்டில் டெஸ்டரை வைத்தான். அது எரிந்தது. மங்கலாகத்தான், ஆனால் எரிந்தது.

ஜீவராணி கையை வாயில் வைத்தாள். "மழை நேரத்துல அதுல கை பட்டா சுர்ருங்கும். குளிருல நரம்பு இழுக்குதுன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்" என்றாள். அழகுமுத்து மனைவியின் இரண்டு கைகளையும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு யாரும் கேள்வி கேட்கவில்லை. வீட்டுக்கு வீடு மெயின் இறங்கியது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் வெளி இஸ்தோப்புத் திண்ணைக்கு வந்தார்கள். கடைசியாகத் தொங்கல் காம்பரா. பெற்றீசியா வாசலை மறித்துக்கொண்டு நின்றார். இருவரும் நேருக்கு நேர் நின்று எட்டு வருஷம் இருக்கும்.

"மதினி, மெயினை இறக்குங்க" என்றார் கேத்ரின்.

"என்னாத்துக்கு?"

"எங்க வீட்டுச் செவுத்துல கரண்டு இருந்திருக்கு. அந்தக் கொக்கியில. அவரு கோட்டை மாட்டுன கொக்கியில."

பெற்றீசியாவின் முகம் இறுகியது. "இத்தனை வருஷம் கழிச்சு, தப்பை ஒரு கொக்கி மேல போட வந்திருக்கியா?" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். ஆனால் உள்ளே சுவிட்ச் 'டக்'கென்று இறங்கும் சத்தம் கேட்டது.

கேத்ரின் அந்தக் கதவின் முன்னாலேயே நின்றிருப்பார். அப்போதுதான் அவருக்குப் பிள்ளைக்காம்பரா ஞாபகம் வந்தது. அதற்கும் அதே ஆட்கள்தான் வயர் இழுத்தார்கள். அங்கே தொட்டில் சேலைகள் தொங்குவது சுவருக்குச் சுவர் போட்ட இரும்புக் கம்பியில்.

பிள்ளைக்காம்பரா லயத்துக்கு மேலே, கோயில் திருப்பத்தில் இருந்தது. கேத்ரின் படியில் போகவில்லை. தேயிலைச் செடிகளைப் பிடித்துக்கொண்டு நேரே மேட்டில் ஏறினார். கை கீறியது. புதிதாக வேலைக்கு வந்திருந்த தனுஜா, நனைந்த கோழியாக வந்து நின்ற ஆயம்மாவைப் பார்த்துப் பயந்துவிட்டாள்.

"பிள்ளைங்களைத் தூக்கு! கம்பியைத் தொடாதே, சேலையோட தூக்கு!"

தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகள் வீரிட்டு அழுதன. ஒவ்வொன்றாகத் தூக்கி வெளித் திண்டில் பாய் விரித்துப் போட்டார்கள். ஜூட்சன் மூச்சிரைக்க வந்து சேர்ந்து, கம்பியில் டெஸ்டரை வைத்தான். எரியவில்லை. கம்பி முழுக்க வைத்துப் பார்த்தான். பல்பைக் கொண்டும் பார்த்தான். இல்லை.

"கம்பியில ஒண்ணும் இல்லைம்மா. ஆண்டவர் காப்பாத்திட்டாரு" என்றான். கைகழுவும் இடத்துச் சுவரில் மட்டும் லேசாக எரிந்தது. அந்தச் சுவரை ஒட்டி நின்றுதான் தனுஜா தினமும் பால் போத்தல் கழுவுவாள்.

கேத்ரின் ஈரத் தரையில் உட்கார்ந்தார். அழுகிற குழந்தை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, அதைவிடச் சத்தமாக அழுதார். இக்னேசியஸின் பெட்டியை மூடியபோதுகூட அவர் அப்படி அழவில்லை.

அவர் லயத்துக்குத் திரும்பியபோது, வீட்டுக்குள் பெற்றீசியா இருந்தார். உடைத்த சுவரின் முன்னால் குந்தி உட்கார்ந்து, உள்ளே தெரிந்த முறுக்கிய வயரையும் கொக்கியையும் பார்த்துக்கொண்டிருந்தார். கேத்ரின் வந்தது தெரிந்தும் திரும்பவில்லை.

"அவனைக் குளிப்பாட்டுனது நான்தான்" என்றார். "சோத்துக்கை உள்ளங்கையில ஒரு கருக்கல் இருந்துச்சு. சின்னதா. அடுப்புல வேலை செய்யிறவன்தானே, சுட்டுக்கிட்டான்னு நெனச்சேன். தேங்காண்ணி கூடத் தடவிவிட்டேன், கேத்ரின். செத்தவன் கையில."

சுவரில் சாயப் போன கேத்ரின், சட்டென்று உடம்பை இழுத்துக்கொண்டார். பெற்றீசியா எழுந்து வந்து அவரைத் தாங்கிப் பிடித்தார். மன்னிப்பு என்ற வார்த்தையை அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. "கால் வெந்திருக்கே, என்னா ஊத்திக்கிட்டே?" என்று மட்டும் பெற்றீசியா கேட்டார். அப்போதுதான் கேத்ரின் தன் காலைப் பார்த்தார். விரல்களில் கொப்புளம் போட்டிருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் மகளுக்குப் போன் எடுத்தார். எப்படிச் சொல்வதென்று தெரியாமல், நடந்ததை நடந்தபடியே சொன்னார்.

"அம்மா" என்றாள் சுலக்ஷனா. "அப்பாவைத் தூக்கிக்கிட்டுப் போன பிறகு, அந்தக் கோட்டைக் கொக்கியில இருந்து எடுத்து மடிச்சு வச்சது நான்."

"என்னா சொல்ற?"

"பள்ளிக்கூடத்துச் சப்பாத்தோடயே நின்னேன். அழுதுக்கிட்டு இருந்ததுல கழட்டவே இல்ல. கோட்டை மட்டுந்தான் பிடிச்சு இழுத்தேன்."

கேத்ரின் போனைக் காதில் வைத்தபடியே வாசற்படியில் உட்கார்ந்தார். மகள் "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ரப்பர் அடி வைத்த அந்தச் சப்பாத்தைக் கழற்றாத பிள்ளையை அன்றைக்கு அவர் திட்டியிருந்தார்.

மறுநாள் லயத்து ஆட்கள் யாரும் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகவில்லை. எல்லாரும் தோட்டத்து ஆபீஸ் வாசலில் போய் நின்றார்கள். தோட்டத்தை நடத்தும் துரை தன் கண்ணால் பார்க்க வந்தார். ஜூட்சன் பல்பை எரித்துக் காட்டினான். அவர் இரண்டு எட்டுப் பின்னால் நகர்ந்ததை எல்லாரும் பார்த்தார்கள். அதன் பிறகு லயத்துக்குக் கரண்டு வெட்டப்பட்டது. பல வாரங்கள் குப்பி விளக்கும் மெழுகுதிரியுமாக இருந்தார்கள். யாரும் முணுமுணுக்கவில்லை. பழைய வயரெல்லாம் பிடுங்கப்பட்டு, சுவருக்கு வெளியே குழாய் போட்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் எர்த் வயரும், கரண்டுக் கசிவு வந்தால் தானாக விழுகிற ட்ரிப் சுவிட்சும் வைத்தார்கள். பிள்ளைக்காம்பராவுக்குத்தான் முதலில் செய்ய வேண்டும் என்று கேத்ரின் பிடிவாதமாக நின்றார். அப்படியே நடந்தது.

இக்னேசியஸ் எதனால் இறந்தார் என்று திரும்ப யாரும் வந்து சொல்லப் போவதில்லை. அன்றைக்குப் பார்த்த டொக்டர் எப்போதோ மாற்றலாகிப் போய்விட்டார். குற்றம் தன் மேல் இல்லை என்றானதும் மனம் லேசாகும் என்று கேத்ரின் நினைத்திருந்தார். அப்படி ஆகவில்லை. அந்த இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு முழம் குழாயும் ஒழுங்காக ஒரு இணைப்பும் இருந்திருந்தால் மனுஷன் உயிரோடு இருந்திருப்பார் என்கிற கோபம். யார் வீட்டுக்குப் போனாலும், உட்காரும் முன்னே, "ட்ரிப் சுவிட்ச் இருக்கா? அமுக்கிப் பாத்தீங்களா?" என்று கேட்கிறார். ஆயம்மா இப்போது சத்தமாகப் பேசுகிறார். மேட்டு லயத்திலும், ரோட்டோரக் கடையிலும் அவர் கேட்ட பிறகு ஜூட்சனைக் கூப்பிட்டவர்கள் உண்டு.

புதிய பிளக்குகள் இரண்டும் வேலை செய்கின்றன. கேத்ரின் சுவிட்சைப் போடும் முன் இன்னும் ஒரு கணம் கையை நிறுத்துகிறார். ஈரமிருக்கிறதா என்று உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துக்கொள்கிறார்.

புதிய பிளக்கில் மெஷினைப் போட்டு முதல் தைப்பு பெற்றீசியாவுடையது. பீஸ் துணியை ஷொப்பிங் பேக்கில் போட்டுக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவர், மெஷினுக்குப் பக்கத்தில் பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கைப்பக்கம் கொஞ்சம் லூசா வச்சுத் தை, கேத்ரின். தோள்பட்டை வலிக்குது, தூக்க முடியலை."

"எழும்பி நேரா நில்லுங்க மதினி, அளந்துக்கிறேன்" என்று கேத்ரின் அளவு நாடாவை எடுத்தார்.